ஆசிரியரின் நாற்பத்தொன்பது நாட்கள்

"உங்களுக்கு என்ன டீச்சர், வருஷத்தில் இரண்டு மாசம் லீவு!" என்று சொல்லாத அண்டை வீட்டுக்காரர் யாராவது உண்டா? வங்கியில் இருப்பவர் சொல்வார், ரயில்வேயில் இருப்பவர் சொல்வார், இப்போது ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, "வாத்தியார் உத்தியோகம்தான் உத்தியோகம்" என்று ஒரு பெருமூச்சும் விடுவார்கள்.

செகந்திராபாத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த இரண்டு மாதம் உண்மையில் எவ்வளவு, அது எங்கே போகிறது, அதை என்ன செய்தால் நல்லது என்பது பற்றி என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் சில கருத்துகளை நம் சங்கப் பத்திரிகையின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். வாசகர்களில் ஆசிரியர்கள் பலர். ஆசிரியர் இருக்கும் வீட்டைச் சேர்ந்தவர்கள் அதைவிடப் பலர். பள்ளி நடத்துகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். மூன்று தரப்பாரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் கணக்கு

தெலங்கானாவில் 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை ஏப்ரல் 24-ஆம் தேதி தொடங்கியது. ஜூன் 12-ஆம் தேதி பள்ளிகள் திறந்தன. விரல் விட்டு எண்ணினால் 49 நாட்கள். ஊரார் சொல்லும் இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இங்கேயே குறைந்துவிட்டது.

அந்த 49 நாளும் முழுதாக ஆசிரியர் கைக்கு வருகிறதா? 2024-இல் மக்களவைத் தேர்தல். தெலங்கானாவில் வாக்குப்பதிவு மே 13, நட்ட நடுக் கோடையில். வாக்குச் சாவடிக்குப் போன ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்: பயிற்சி வகுப்புக்குத் தனி நாள், இயந்திரம் வாங்கப் போக ஒரு நாள், வாக்குப்பதிவு ஒரு நாள், இரவில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்ப வண்டி தேடுவது தனிக் கதை. 2025 மே மாதத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஜூன் பிறந்ததும் 'படி பாட்ட', அதாவது பள்ளிக்கூடப் பாதை என்ற பெயரில் பிள்ளைகளைச் சேர்க்க வீதி வீதியாகப் போக வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சொல்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அதே பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது. இவை நாட்டுக்கு வேண்டிய வேலைகள்தாம். யாராவது செய்யத்தான் வேண்டும். ஆனால் நாள் குறைவது குறைவதுதான்.

தனியார் பள்ளி ஆசிரியர்களின் கதை வேறு. அவர்களில் பலருக்கு மே மாதம் என்றால் சம்பளம் இல்லாத மாதம். எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியை, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர், ஒரு மே மாதம் முழுவதும் நோட்டீஸ் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகப் படியேறினார். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். விட்டால் லிஃப்டில் போகக் கூடாது என்பார். இத்தனை அட்மிஷன் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் கணக்குக் கொடுத்திருந்தார்கள். கொண்டுவராதவர்களுக்கு ஜூன் மாதத்தில் வேலை நிச்சயமில்லை. அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த ஊரில் எந்தக் காலனியில் இருப்பவரும் தம் வாசற்கதவைத் திறந்து இப்படி ஓர் ஆசிரியரைப் பார்த்திருப்பார்.

இவை எல்லாம் போக, வீட்டு வேலை, ஊர்ப் பயணம், கல்யாணம் காட்சி போக, ஓர் ஆசிரியருக்குச் சொந்தமாக மிஞ்சுவது இருபத்தைந்து நாள், மிஞ்சினால் முப்பது. அதைப் பற்றித்தான் பேச்சு.

எதற்காக இந்த நாட்கள்?

விடுமுறை மாணவருக்காக ஏற்பட்டது, வெயில் கடுமை என்பதால் ஏற்பட்டது, ஆசிரியருக்கு அது தானாகக் கிடைத்த சலுகை என்றுதான் பொதுவாக எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஆசிரியர் பத்து மாதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கொடுப்பதற்கு மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டாமா? கிணற்றில் இறைத்தால் ஊறும் என்பார்கள். ஊறுவதற்கு இரவு என்று ஒன்று இருப்பதால்தான் ஊறுகிறது.

பாடநூல் மாறாத வரையில் பத்தாண்டுக்கு முன் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். பலர் தள்ளுகிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். 'இந்த டீச்சருக்கு இந்தப் பாடம் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா' என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். தானே ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வருகிற ஆசிரியரின் குரல் வேறு மாதிரி இருக்கும். ஆகவே கோடை விடுமுறையில் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்பது என் கருத்து: அவர் மறுபடி மாணவராக வேண்டும். தானே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு விஷயத்தை, ஒன்றே ஒன்றை, பரீட்சைக்கு இல்லாமல், சான்றிதழுக்கு இல்லாமல் கற்க வேண்டும்.

'இப்போது பயிற்சிகள் நிறைய வந்துவிட்டனவே' என்று கேட்பீர்கள். உண்மை. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள்கூட 'கைடு' வாங்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய நிலை. தேர்வு வேண்டும், வேண்டாம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பரீட்சையில் கேள்வியைத் தீர்மானிப்பவர் வேறு யாரோ. தனக்காகப் படிக்கும்போது கேள்வியும் நம்முடையதாக இருக்கிறது. அந்த ருசி கண்ட ஆசிரியர்தான் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுவார்.

விடுமுறையை வீணாக்காத ஆசிரியர்கள்

பெரிய உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையரைத் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடுகிறோம். அவர் மாதச் சம்பளம் வாங்கிய ஓர் ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் வேலை. வகுப்பு இருக்கும் நாட்களில் பாடம், இரவில் ஏடு. கல்லூரி மூடிய நாட்களில் ஏடு தேடி ஊர் ஊராகப் பயணம். ரயில் போகாத ஊர்களுக்கு வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் போனார். நெல்லைச் சீமையில் கவிராயர்கள் வீட்டுப் பரண்களைக்கூட விடவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இத்தனையும் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்திலேயே அச்சேறின. ஓர் ஆசிரியரின் விடுமுறை நாட்கள் இல்லாமல் இருந்திருந்தால் நம் கையில் இன்று என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

'அவர் மகான், நாம் யார்?' என்று நழுவ வேண்டாம். சாதாரணப் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சொல்கிறேன். நாசிக் அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர் டி.ஆர்.காப்ரேக்கர். பெரிய பட்டங்கள் கிடையாது. எண்களோடு விளையாடுவது அவருக்குப் பிடிக்கும். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. 3524 என்று வைப்போம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 5432, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 2345. கழித்தால் 3087. அதையே திரும்பச் செய்யுங்கள்: 8730-இலிருந்து 0378 போனால் 8352. மறுபடியும்: 8532-இலிருந்து 2358 போனால் 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு முறைக்குள் 6174-இல் வந்து நிற்கும். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் காப்ரேக்கர் இதைச் சொன்னார். இன்று உலகம் முழுவதும் அந்த எண்ணுக்கு அவர் பெயர்தான். கழித்தல் கணக்கு சலித்துப்போன ஐந்தாம் வகுப்பில் இதை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர் பி.கே.சீனிவாசன். கணிதமேதை ராமானுஜனோடு பழகியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களைத் தேடிப் பிடித்து நினைவுகளையும் கடிதங்களையும் சேகரித்தார். 1968-இல் அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. வெளியிட்டது ஒரு பள்ளிக்கூடம்! ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜன் அருங்காட்சியகம் தொடங்கியதற்கும் அவர் உழைப்பே காரணம். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்துவிட்டார்.

கூடிக் கற்ற கோடைகள்

தனி ஆளாகத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்று அதற்கு நர்மதாபுரம் என்று பெயர், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா என்ற நிறுவனம் அதை நடத்தியது. அந்தத் திட்டத்தின் உயிர்நாடியே ஆசிரியர்களின் கோடைதான். மூன்று வாரம் கிராமத்து ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து அவர்களோடு உட்காருவார்கள். பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் முதலில் ஆசிரியர் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். விடை வரவில்லையா? ஏன் வரவில்லை என்று விவாதம். பாடநூலிலேயே கேள்வி சரியில்லையா? மாற்று.

அங்கே 1978-இல், டெல்கோ கம்பெனியில் விடுப்புப் போட்டுவிட்டு வந்து சேர்ந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். காசு கொடுத்து வாங்க வேண்டிய சாதனம் எதுவும் இல்லை. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தக் கோடைகளில் பயின்ற ஆசிரியர்கள் நிறுத்தப்பட முடியாதவர்கள். இன்று நடக்கும் பயிற்சி முகாம்களில் ஆசிரியர் பெரும்பாலும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஆசிரியர் கை அழுக்காக எழுந்தார். வித்தியாசம் அதுதான்.

நம் ஊரே ஒரு பள்ளிக்கூடம்

எங்கே போய்க் கற்பது என்று கேட்கிறவர்களுக்கு ஹைதராபாத்தைவிட வசதியான ஊர் கிடையாது. நூறு ரூபாய் பெட்ரோலில் ஒரு விடுமுறைக்கு வேண்டிய பாடம் கிடைக்கும்.

உயிரியல் ஆசிரியர்களுக்கு: மலேரியா பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறீர்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20. கண்ட இடம் லண்டன் இல்லை, நம் செகந்திராபாத். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேகம்பேட்டையில் அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற எத்தனை அறிவியல் ஆசிரியர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள்? ஒரு காலைப் பொழுது அங்கே நின்றுவிட்டு வந்து பாடம் நடத்தினால், அந்தப் பாடத்தின் முகமே மாறிவிடும்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு: கோல்கொண்டாக் கோட்டையில் பதே தர்வாசாவில் கை தட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, உச்சியில் இருக்கும் பாலா ஹிஸாரில் கேட்கும் என்பது கைடுகள் சொல்லும் கதை. சுற்றுலாப் பயணி கை தட்டிவிட்டுப் போய்விடுவார். ஆசிரியர் அப்படிப் போகலாமா? சத்தம் எந்த வளைவில் பட்டுத் திரும்புகிறது, மேலே போய்ச் சேர எத்தனை வினாடி ஆகும் (சுமார் மூன்று) என்று ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டும். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மூசி நதி ஒன்றே போதும். 1908 செப்டம்பர் 28 அன்று வந்த பெருவெள்ளம் இந்த ஊரின் சரித்திரத்தையே மாற்றியது. உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் பழைய புளியமரத்தில் ஏறிக்கொண்டு ஏறக்குறைய 150 பேர் உயிர் தப்பினார்கள். மறுபடி அப்படி நேராமல் இருக்க விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார்கள். அவர் யோசனைப்படி எழுந்தவைதான் 1920-இல் முடிந்த உஸ்மான் சாகர், 1927-இல் முடிந்த ஹிமாயத் சாகர். நாம் குடித்த தண்ணீரின் கதை இது. 2020 அக்டோபரில் வீதிகளில் படகு விட்டபோது பிள்ளைகள் கேட்டார்களே, 'ஏன் டீச்சர் இப்படி வெள்ளம் வருகிறது?' என்று. அதற்கு விடை பாடநூலில் இல்லை. புளியமரத்தடியிலும் இரண்டு ஏரிக்கரைகளிலும் நின்று பார்த்த ஆசிரியரிடம் இருக்கும்.

உச்சி வெயிலில் சுற்ற முடியாதே என்பவர்களுக்கு சாலார் ஜங் மியூசியம் (வெள்ளிக்கிழமை தவிர), அப்சல்கஞ்சில் மாநில மத்திய நூலகம், நௌபத் பஹாட் மேலே பிர்லா கோளரங்கம். ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் வேறு இருக்கின்றன.

அந்த நடைபாதையில்தான் ஒரு கோடையில் நான் சிறுவர்களுக்கான உருது 'காயிதா' ஒன்றை வாங்கினேன். விலை மிகச் சொற்பம். வலமிருந்து இடமாக எழுதப் பழக ஒரு வாரம் ஆனது. எழுத்துக் கூட்டிப் படிக்க மூன்று வாரம் ஆனது. இலக்கியம் படிக்கும் அளவுக்கு இல்லை, கடைப் பலகை படிக்கும் அளவுக்கு. ஜூனில் பள்ளி திறந்ததும், என் வகுப்புப் பையன் ஒருவனின் டைரியில் அவன் அம்மாவுக்கு இரண்டு வரி உருதுவில் எழுதினேன். பள்ளிப் பதிவேட்டில் அந்த அம்மாவுக்குப் படிப்பில்லை என்று இருந்தது. ஆங்கில நோட்டீசுக்கு ஒருநாளும் பதில் வந்ததில்லை. மறுநாள் காலை பர்தாவோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். தினமும் உருதுப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர் அவர்! மகனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்தப் பையன் அந்த ஆண்டு எப்படிப் படித்தான் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழாசிரியர்களுக்கும் தமிழ் வீடுகளுக்கும்

நமக்கென்று தனியாக இரண்டு காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, தெலுங்கு. 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலங்கானாவில் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கு கட்டாயம். நம்மில் பலர் தெலுங்கு சரளமாகப் பேசுவோம். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவோம், பஸ் பலகையை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்போம். தமிழ் ஆசிரியர் ஒருவர் தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொள்ள ஒரு கோடை தாராளமாகப் போதும்.

இரண்டாவது, நம் வரலாறு. செகந்திராபாத் மஹ்பூப் கல்லூரியை 1862-இல் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார், ஒரு தமிழர். சிகாகோவுக்குப் போவதற்கு முன் 1893 பிப்ரவரி 13 அன்று சுவாமி விவேகானந்தர் பேசியது அந்தக் கல்லூரியில்தான். கன்டோன்மென்ட் ஏற்பட்ட காலத்திலிருந்து இங்கே குடியேறிய தமிழர்கள் நடத்திய பள்ளிகள், அவற்றில் பாடம் சொன்ன ஆசிரியர்கள், ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்ப் பிரிவு இருந்த காலம், அது மூடப்பட்ட காலம் எல்லாம் வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. பி.கே.சீனிவாசன் ராமானுஜனுக்குச் செய்ததை நம் ஆசிரியர்கள் இந்தப் பள்ளிகளுக்குச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம், எண்பது வயதுக்கு மேற்பட்ட நான்கு பேர், நான்கு மாலைப் பொழுதுகள். இதற்கு மேல் என்ன வேண்டும்? நாளைக்கு என்றால் அந்த நால்வர் இருப்பார்களா என்பது நிச்சயமில்லை.

தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு விடுமுறையில் தமிழ் சொல்லிக்கொடுக்கலாமே என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். 2001-இல் சென்னையில் தொடங்கிய இணையவழிப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக் கழகம், பாடங்களைத் தயாராக வைத்திருக்கிறது. ஆனால் அதையும் ஆசிரியர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்த எந்தப் பாட்டியும், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற எந்த மாமாவும் 'அ' 'ஆ' சொல்லித் தரலாம். ஆசிரியருக்கு அது பதினோராவது மாத வேலை ஆகிவிடக் கூடாது.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?'

மூன்று ஆட்சேபங்கள் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதலாவது, ஓய்வு வேண்டாமா? வேண்டும். முதல் ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள். பத்து மாதம் அறுபது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்திய தொண்டை அது. ஆசிரியர்களுக்குக் குரல்தான் மூலதனம். அதற்கும் ஒரு வாரம் லீவு கொடுங்கள்.

இரண்டாவது, பணம். மே மாதச் சம்பளம் வராதவர் டியூஷன் எடுக்காமல் எப்படிச் சாப்பிடுவார்? அவரைப் பார்த்து மியூசியம் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காலையில் டியூஷன் எடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாளை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும். நான்கு வாரத்தில் நான்கு நாள். அது போதும் ஒரு புது விஷயத்தைத் தொடங்க.

மூன்றாவது ஆட்சேபத்தை ஆசிரியைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆகவே நான் சொல்கிறேன். பெண் ஆசிரியைக்கு விடுமுறை என்றால் வீட்டில் இரட்டை வேலை. வற்றல் வடாம், ஆவக்காய், நாத்தனார் குடும்பம், வீட்டில் கிடக்கும் பிள்ளைகள். 'நீதான் லீவில் இருக்கிறாயே' என்ற ஒரு வாக்கியத்தில் முப்பது நாளும் கரைந்துவிடும். ஆசிரியைகளின் கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் என் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாள், காலை எட்டு மணி முதல் மாலை வரை, அவரை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ஆசிரியைகள் சேர்ந்து போனால் ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் இழுத்துக்கொண்டு போவார். குழந்தைகளையும் கூட அழைத்துப் போகலாம்.

செய்ய வேண்டியது யார்?

ஆசிரியருக்கு: ஒரு விஷயம். ஒரு நோட்டுப் புத்தகம். ஜூன் மாதத்தில் ஒரு பாடம். அந்த ஒரு பாடத்தையாவது பழைய குறிப்பு இல்லாமல் நடத்துங்கள். ஆண்டுக்கு ஒன்று என்றால் முப்பது ஆண்டில் முப்பது பாடம். உங்களிடம் படித்தவர்கள் அந்த முப்பதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

பள்ளி நடத்துகிறவர்களுக்கு: பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள். வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க ஆசிரியரை அனுப்பாதீர்கள். நாளைக்கு அதே வீட்டுப் பிள்ளை அந்த ஆசிரியர் முன்னால் உட்காரப் போகிறது. வாட்ச்மேன் விரட்டியதைப் பார்த்த பிள்ளைக்கு அவரிடம் என்ன மரியாதை இருக்கும்? உங்கள் பள்ளியின் பெயர் நோட்டீசில் நிற்கவில்லை, வகுப்பறையில் நிற்கிறது.

நம் சங்கத்துக்கு: ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவருக்குப் பரிசு கொடுக்கிறோம். நல்ல காரியம். ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோடையில் புதிதாகக் கற்றதை ஆசிரியர்கள் வந்து பத்துப் பத்து நிமிடம் சொல்ல ஒரு மேடையும் கொடுப்போமே. நாற்காலி சங்கத்தில் இருக்கிறது, காப்பிச் செலவு பெரிதில்லை. கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கற்கவும் ஆட்கள் வருவார்கள்.

பள்ளி திறக்கும் ஜூன் 12-ஆம் தேதி காலையில், ஆசிரியர் அறைக்குள் வரும் தலைமை ஆசிரியர் முதலில் கேட்கும் கேள்வி இப்போது "எத்தனை அட்மிஷன்?" என்பதாக இருக்கிறது. "இந்த லீவில் என்ன கற்றுக்கொண்டீர்கள், டீச்சர்?" என்று கேட்கிற பள்ளி இந்த ஊரில் எது என்று தெரிந்தால், என் பேரப் பிள்ளைகளை அங்கே சேர்க்க நானே வரிசையில் நிற்பேன். நோட்டீஸ் எதுவும் தேவையில்லை.